பச்சையம் துறந்தவை: மரவேரில் வாழும் பூக்கும் தாவரங்கள்

வெயிலையும் காற்றையும் நீரையும் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்வதுதான் தாவரம் என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. அந்தத் திறனை அடியோடு கைவிட்ட பூக்கும் தாவரங்கள் உலகில் சில நூறு இனங்கள் இருக்கின்றன. அவற்றில் இலை என்று சொல்லத்தக்கது இல்லை, பச்சையம் இல்லை, பலவற்றுக்கு மண்ணில் ஊன்றும் வேரும் இல்லை. ஒரு மரத்தின் வேரையோ கொடியின் உடலையோ பற்றிக்கொண்டு, ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் மறைந்து கிடக்கின்றன. பூக்கும் காலத்தில் மட்டும் சருகை விலக்கிக்கொண்டு வெளியே வருகின்றன.

இவற்றைத் திருடர்கள் என்றும், சீரழிந்த தாவரங்கள் என்றும் நீண்ட காலம் எழுதிவந்தார்கள். உழைக்காமல் உண்பதால் உறுப்புகள் தேய்ந்துபோயின என்பது அந்தப் பார்வை. கடந்த இரண்டு நூற்றாண்டு ஆய்வுகளை, குறிப்பாகக் கடந்த முப்பது ஆண்டு மரபணு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறொரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. இவை இழந்தவை உண்மையிலேயே ஏராளம். ஆனால் இழந்த ஒவ்வொன்றின் இடத்திலும் இன்னொரு உயிரோடு கொண்ட உறவு வந்து அமர்ந்திருக்கிறது. உணவுக்கு ஒரு மரம், முளைப்பதற்கு அந்த மரத்தின் வேர் விடும் வேதிக் குறிப்பு, கருவுறுவதற்கு ஓர் ஈயோ வௌவாலோ, விதை பரவ ஒரு பூச்சியோ பறவையோ என்று அந்த உறவுகள் நீள்கின்றன. ஆகவே இந்தச் செடிகளைப் பற்றிய கேள்வி எதுவானாலும், அது முடிவில் காட்டைப் பற்றிய கேள்வியாகிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எவை ஒட்டுண்ணிகள்?

பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று ஒட்டுண்ணி. சுமார் 4,700 இனங்கள் இப்படி அறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை பச்சை நிறமுடையவை. மாமரத்துக் கிளையில் தொற்றி வளரும் புல்லுருவி நாம் எல்லோரும் பார்த்தது. அது மரத்திலிருந்து நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொண்டாலும், தன் இலையால் ஒளிச்சேர்க்கையும் செய்கிறது. இத்தகையவை அரை ஒட்டுண்ணிகள்.

சந்தன மரமும் இந்த வகைதான் என்பது பலருக்கு வியப்பளிக்கும். வெளியில் பார்த்தால் இலையும் கிளையுமாக நிற்கும் முழு மரம். மண்ணுக்கடியில் அதன் வேர்கள் அக்கம்பக்கத்து மரஞ்செடிகளின் வேர்களைப் பற்றி உறிஞ்சுகின்றன. 1871-இல் ஜான் ஸ்காட் இதைக் கண்டு எழுதினார். சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்த சி.ஏ. பார்பர், 1906 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் சந்தன வேரின் உறிஞ்சுறுப்பு எப்படி உருவாகிறது, எப்படி அயல் வேருக்குள் நுழைகிறது என்பதை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்து விளக்கினார். பிற்காலத்தில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க ஆய்வால் பெயர் பெற்ற அதே பார்பர்தான் இவர். வேர் ஒட்டுண்ணி பற்றிய உலக அறிவுக்குத் தென்னாட்டு மண் தந்த முக்கியமான பங்கு அந்த ஆய்வுகள்.

ஒளிச்சேர்க்கையை முற்றிலும் விட்டவை முழு ஒட்டுண்ணிகள். ஒட்டுண்ணித் தாவரங்களில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இவை இருக்கும். தமிழக உழவர்கள் இந்த வகையில் ஒன்றை நன்றாக அறிவார்கள்: புகையிலை வயலில் தலைகாட்டும் புகையிலைக் காளான். காளான் என்று அழைக்கப்பட்டாலும் அது ஒரோபாங்கி என்ற பூக்கும் தாவரம். சோள வயலில் வரும் சுடுமல்லி அதன் உறவுக்காரன். ஆனால் அதற்குப் பச்சை இலை உண்டு, எனவே அரை ஒட்டுண்ணி.

மரவேர் முழு ஒட்டுண்ணிகளோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு கூட்டத்தை இங்கேயே பிரித்துவிட வேண்டும். வட உலகின் ஊசியிலைக் காடுகளிலும் இமயமலையிலும் வெண்மையாக எழும் மோனோட்ரோப்பா போன்ற செடிகளுக்கும் பச்சையம் கிடையாது. அவையும் மரவேரை உறிஞ்சுகின்றன என்றே முன்பு கருதினார்கள். 1880-களின் தொடக்கத்தில் போலந்து நாட்டுத் தாவரவியலாளர் கமியென்ஸ்கி, அந்தச் செடியின் வேர் மரவேரைத் தொடுவதே இல்லை, இடையில் ஒரு பூஞ்சை உறை இருக்கிறது என்று காட்டினார். 1960-இல் சுவீடனின் எரிக் பியோர்க்மன், கதிரியக்கக் கரிமம் கொண்ட சர்க்கரையை மரத்துக்குள் செலுத்தினார். சில நாள்களில் அது அருகில் நின்ற மோனோட்ரோப்பாவுக்குள் வந்து சேர்ந்தது. மரம் தன் வேர்ப்பூஞ்சைக்குக் கொடுத்த சர்க்கரையைப் பூஞ்சையிடமிருந்து அந்தச் செடி பெற்றுக்கொள்கிறது. இதில் மரத்துக்கும் செடிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இக்கட்டுரை பேசுவது, மரத்தின் உடலுக்குள் தானே நுழைந்து வாழ்பவற்றைப் பற்றி.

காளானா, பூவா?

இந்தத் தாவரங்களின் ஆய்வு வரலாறு ஒரு நீண்ட தடுமாற்றத்தோடு தொடங்குகிறது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில், கள்ளிச் செடிகளின் வேரில் வளரும் ஹிட்னோராவை 1775-இல் துன்பெர்க் விவரித்தபோது அதைக் காளான் என்றே எழுதினார். அதே ஆண்டுகளில் கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் சென்ற ஃபோர்ஸ்டர் தந்தையும் மகனும் தென் பசிபிக் தீவுகளில் கண்ட செடிக்கு பலனோஃபோரா என்று பெயரிட்டார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளில் சைனோமோரியம் என்ற செந்நிறச் செடி மால்டா காளான் என்று வழங்கப்பட்டது. இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து என்று நம்பப்பட்டதால், அது வளர்ந்த கோஸோ தீவுக்கருகிலுள்ள பாறைத்தீவுக்கு யாரும் போகக் கூடாது என்று 1746-இல் மால்டாவை ஆண்ட தலைவர் பிண்டோ தடை விதித்தார்.

1818-இல் சுமத்ராவின் பெங்குலுப் பகுதிக் காட்டில் ஜோசஃப் ஆர்னால்டும் ராஃபிள்ஸும் உலகின் மிகப் பெரிய பூவைக் கண்டார்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம். பல கிலோ எடை. அதற்கு இலையோ தண்டோ இல்லை. ராபர்ட் பிரவுன் அதை ரஃப்லேசியா என்ற பெயரில் விவரித்த பிறகு, இந்த வினோதங்கள் அனைத்தையும் எந்த அறையில் வைப்பது என்ற கேள்வி வகைப்பாட்டாளர்களை விடாமல் துரத்தியது. ஜான் லிண்ட்லி 1846-இல் இவற்றையெல்லாம் ஒரே தனி வகுப்பாகத் திரட்டி, காளானுக்கும் மேல்நிலைத் தாவரத்துக்கும் இடைப்பட்டவை போல வைத்தார்.

அந்தக் கட்டை உடைத்தவர் ஜோசஃப் டால்டன் ஹூக்கர். சிக்கிம் மலைகளில் பலனோஃபோராவைத் தானே தோண்டிப் பார்த்தவர் அவர். 1856-இல் வெளியான அவரது விரிவான ஆய்வு, பலனோஃபோரா குடும்பத்தின் பூ, சூல், விதை ஆகியவற்றை நுட்பமாக ஆராய்ந்து, இவை முழுமையான பூக்கும் தாவரங்களே, உருவ ஒற்றுமை ஒட்டுண்ணி வாழ்வால் வந்தது என்று வாதிட்டது. உருவம் ஒன்றாக இருப்பதால் உறவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்ற அந்தத் தெளிவு, பின்னர் வந்த அனைத்துக்கும் அடித்தளம்.

ஹூக்கர் இன்னொன்றையும் பதிவு செய்தார். இமயமலையில் மேப்பிள், ஓக் போன்ற மரங்களின் வேரில் பலனோஃபோரா தொற்றிய இடத்தில் பெரிய முடிச்சுகள் உண்டாகின்றன. அவற்றைக் குடைந்து மரக் கிண்ணங்கள் செய்து திபெத்தியர்களுக்கு விற்றார்கள். நஞ்சை முறிக்கும் என்று நம்பப்பட்ட கிண்ணங்களுக்கு மிகுந்த விலை இருந்தது. ஜாவாவிலோ, பலனோஃபோராவின் கிழங்கிலுள்ள மெழுகை எடுத்து விளக்கெரித்தார்கள். தாவரவியல் நூல்கள் இவற்றைக் காளான் என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், மலைமக்கள் இவற்றைத் தோண்டி எடுத்துப் பயன்கொண்டிருந்தார்கள்.

உறவினர் யார்?

ஹூக்கரின் ஊகத்தை முழுமையாக உறுதி செய்தது டி.என்.ஏ. ஆய்வு. இந்தச் செடிகளில் ஒப்பிடுவதற்கு இலை இல்லை, பூவும் பெரிதும் மாறியிருக்கிறது. வழக்கமாக வகைப்பாட்டுக்குப் பயன்படும் ஒளிச்சேர்க்கை மரபணுக்களும் இல்லை. மற்ற மரபணுக்களைக் கொண்டு கடந்த கால் நூற்றாண்டில் உறவுமுறை ஒவ்வொன்றாகத் தெளிந்தது.

முடிவுகள் நம் சமையலறையையும் வயலையும் சுற்றியே வருகின்றன. பலனோஃபோராவின் வரிசை சந்தனமும் புல்லுருவியும் அடங்கியது. ஹிட்னோரா, மிளகும் வெற்றிலையும் இருக்கும் வரிசையைச் சேர்ந்தது. ஜப்பான் முதல் போர்னியோ வரை ஓக் குல மரங்களின் வேரில் வாழும் மித்ராஸ்டெமோன், தேயிலை இருக்கும் வரிசையில் வருகிறது. ஒரோபாங்கிக் குடும்பத்துக்கு எள்ளும் துளசியும் உறவு. மத்தியதரைப் புதர்களின் வேரில் வாழும் சைட்டினஸுக்குப் பருத்தி உறவு. ரஃப்லேசியாவின் இடம்தான் எல்லோரையும் அதிரவைத்தது: 2007-இல் சார்லஸ் டேவிஸும் உடனாய்வாளர்களும் அது ஆமணக்கும் மரவள்ளியும் அடங்கிய குடும்பத்துக்குள்ளிருந்து தோன்றியது என்று காட்டினார்கள். சில மில்லிமீட்டர் அளவுப் பூக்கள் கொண்ட மூதாதையரிடமிருந்து, ஏறக்குறைய 4.6 கோடி ஆண்டுகளில் பூவின் அளவு 79 மடங்கு பெருகியிருக்கிறது என்பது அவர்களது கணக்கு.

லிண்ட்லி ஒரே வகுப்பில் அடைத்தவை, உண்மையில் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்து ஒரே வாழ்க்கை முறையில் சந்தித்தவை. பூக்கும் தாவரங்களில் ஒட்டுண்ணி வாழ்வு தனித்தனியாகச் சுமார் 12 முறை தோன்றியிருக்கிறது. ஒரு முறை நடந்தால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். பன்னிரண்டு முறை நடந்திருப்பதால், தாவர உடலமைப்புக்குள்ளேயே இந்தப் பாதைக்கு வாயில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

பற்றும் முறை

அந்த வாயிலின் பெயர் உறிஞ்சுறுப்பு. ஒட்டுண்ணித் தாவரம் அனைத்துக்கும் பொதுவான ஒரே உறுப்பு இதுதான். ஒட்டுண்ணியின் திசு, மரவேரின் தோலைத் துளைத்து, உள்ளே நீர் ஏற்றும் சைலம் குழாய்களையும் சர்க்கரை கடத்தும் புளோயம் குழாய்களையும் தேடிச் சேர்கிறது. அரை ஒட்டுண்ணிக்குப் பெரும்பாலும் சைலம் போதும். முழு ஒட்டுண்ணி சர்க்கரையையும் மரத்திடமே பெற வேண்டியிருப்பதால் பிணைப்பு இன்னும் ஆழமாகிறது. விதிவிலக்கும் உண்டு. ஐரோப்பாவில் ஹேசல், எல்ம் மரவேர்களில் வளரும் லாத்ரேயா பெரும்பாலும் சைலம் சாற்றையே நம்பி வாழ்கிறது. அதில் மிகுதியாக வரும் நீரை, மண்ணுக்கடியிலுள்ள சதைப்பற்றான செதில் இலைகளின் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது.

பலனோஃபோராவில் இந்தப் பிணைப்பு உச்சத்தை அடைகிறது. அதன் கிழங்கை வெட்டிப் பார்த்தால் எது மரம், எது செடி என்று எல்லை கட்ட முடியாது. மரவேரின் குழாய்த் திசு கிழங்குக்குள் கிளைத்து வளர்கிறது. ஒட்டுண்ணியின் செல்கள் அதைத் தழுவி ஓடுகின்றன. இரண்டு உயிர்கள் சேர்ந்து கட்டிய ஒரே உறுப்பு அது. நியூசிலாந்தின் டாக்டிலாந்தஸில் இந்தக் கூட்டு வேலை கண்ணுக்கே தெரியும்: செடி ஒட்டிய இடத்தில் மரவேர், மடிப்பு மடிப்பாக விரிந்த ஒரு தட்டைப் போல வளர்கிறது. செடியை நீக்கிவிட்டால் மரத்தில் செதுக்கிய ரோஜாப்பூ போல் இருக்கும். அழகுப் பொருளாக விற்க அதைத் தோண்டியதே அந்தச் செடியின் அழிவுக்கு ஒரு காரணமாயிற்று.

விதை முளைக்கும் கட்டம் இன்னும் நுட்பமானது. ஒரோபாங்கி விதை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் உணவுச் சேமிப்பு மிகச் சிறிது. முளைத்தபின் சில நாள்களுக்குள் வேரைத் தொடாவிட்டால் சாவுதான். எனவே அருகில் வேர் இருக்கிறது என்ற அறிகுறி கிடைக்கும்வரை அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது. அந்த அறிகுறியை 1966-இல் பருத்தி வேர்க் கசிவிலிருந்து பிரித்தெடுத்து ஸ்ட்ரிகால் என்று பெயரிட்டார்கள். தன் எதிரியை எழுப்பும் ஒரு பொருளைச் செடி ஏன் கசியவிட வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 2005-இல் ஜப்பானின் அகியாமா குழு, வேருக்கு உதவும் பூஞ்சைகளைக் கிளைக்கச் செய்வது இந்தக் குடும்பத்துப் பொருள்களே என்று கண்டது. 2008-இல் இரண்டு குழுக்கள், அதே பொருள்கள் செடியின் உள்ளே கிளை விடுதலைக் கட்டுப்படுத்தும் இயக்குநீர்களாகவும் வேலை செய்கின்றன என்று நிறுவின. மண்ணிலுள்ள பாஸ்பரஸைக் கொண்டுவரும் பூஞ்சையை அழைக்கும் குரல் அது. அந்தக் குரலை நிறுத்தினால் செடிக்கே நட்டம். ஒட்டுண்ணி அந்த அழைப்பைக் கேட்கக் கற்றுக்கொண்டது. ஒட்டுண்ணியின் வாழ்வுக்கு அடியில் மரத்துக்கும் பூஞ்சைக்கும் உள்ள மிகப் பழைய நட்பு இருக்கிறது.

இழந்ததும் வைத்துக்கொண்டதும்

பச்சையம் போனபின் செடிக்குள் என்ன நடக்கிறது? இதற்கு முதல் தெளிவான விடை 1992-இல் வந்தது. வட அமெரிக்காவின் பீச் மரவேரில் மட்டுமே வளரும் எபிஃபேகஸ் என்ற செடியில், செல்லுக்குள் பச்சையம் தங்கும் நுண்ணுறுப்பான கணிகத்தின் மரபணுத்தொகுதியை வுல்ஃப், மார்டன், பால்மர் ஆகியோர் முழுதாகப் படித்தார்கள். சாதாரணப் பச்சைத் தாவரத்தின் கணிகத்தில் ஏறத்தாழ 1,50,000 கார இணைகள் இருக்கும். எபிஃபேகஸில் இருந்தவை 70,028. மரபணுக்கள் 42 மட்டுமே. ஒளிச்சேர்க்கைக்கானவை அனைத்தும் போயிருந்தன. ஆனால் புரதம் ஆக்கும் கருவிக்கான மரபணுக்கள் பல எஞ்சியிருந்தன. ஒளியைப் பிடிப்பது கணிகத்தின் பல வேலைகளில் ஒன்றுதான். கொழுப்பமிலம், அமினோ அமிலம் போன்றவையும் அங்கே உருவாகின்றன. பச்சையம் போனாலும் பட்டறை மூடப்படவில்லை.

பிறகு வந்த கண்டுபிடிப்புகள் இந்த இழப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டின. 2016-இல் படிக்கப்பட்ட ஹிட்னோராவின் கணிகத்தில் சுமார் 27,000 கார இணைகளே இருந்தன. 2019-இல் தைவான், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து இரண்டு பலனோஃபோரா இனங்களைப் படித்தபோது எண்ணிக்கை சுமார் 15,500-க்கு இறங்கியிருந்தது. அதில் ஏறக்குறைய 88 விழுக்காடு அடினைன், தைமைன் என்ற இரண்டு காரங்களே. இன்னும் பெரிய செய்தி ஒன்றும் இருந்தது: மற்ற தாவரங்களில் புரத ஆக்கத்தை நிறுத்தச் சொல்லும் ஒரு குறி, பலனோஃபோராவில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. உயிருலகம் ஏறத்தாழ முழுவதும் பொதுவாகப் பயன்படுத்தும் மரபுக் குறியீட்டில் ஒரு சொல்லின் பொருளே மாறிவிட்டது. ரஃப்லேசியா குடும்பம் இன்னும் ஒரு படி சென்றது. 2014-இல் பிலிப்பைன்ஸ் இனம் ஒன்றை ஆராய்ந்தவர்களால் கணிக மரபணுத்தொகுதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வடகிழக்கு இந்தியா முதல் தாய்லாந்து வரை வளரும் சாப்ரியாவிலும் அது அடியோடு இல்லை என்று 2021-இல் வெளியான முழு மரபணு ஆய்வு உறுதி செய்தது.

உட்கருவிலும் இதே கதை தொடர்கிறது. 2023-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு, மற்ற தாவரங்களில் பொதுவாகக் காணப்படும் மரபணுக்களில் சாப்ரியா 38 விழுக்காட்டையும் பலனோஃபோரா 28 விழுக்காட்டையும் இழந்துவிட்டன என்று காட்டியது. ஆமணக்கு வழியில் வந்த ஒன்றும் சந்தன வழியில் வந்த ஒன்றும், தனித்தனியே, பெருமளவு அதே மரபணுக்களைக் கைவிட்டிருக்கின்றன. வறட்சியில் செடியைக் காக்கும் அப்சிசிக் அமிலத்தைத் தயாரிக்கும் வழிகூட அவற்றில் போயிருக்கிறது. ஆனால் அந்த அமிலம் பலனோஃபோராவின் உடலில் இருக்கிறது. அதற்கு எதிர்வினை ஆற்றும் மரபணுக்களும் இருக்கின்றன. மரம் தயாரிப்பதை அது வாங்கிப் பயன்படுத்துகிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். உணவோடு நிற்காமல், உடலை நடத்தும் கட்டளையும் மரத்திடமிருந்து வருகிறது.

மரபணுவும் வருகிறது. 2004-இல் டேவிஸும் வர்டாக்கும், ரஃப்லேசியாவின் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு மரபணு அது பற்றி வாழும் டெட்ராஸ்டிக்மா கொடியிடமிருந்து தாவி வந்தது என்று காட்டினார்கள். அடுத்து வந்த ஆய்வுகளில் இத்தகைய தாவல்கள் பல வெளிப்பட்டன. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு என்ற வழியை மீறி, பிடிக்கப்பட்ட உடலிலிருந்து பிடித்த உடலுக்கு மரபு கடக்கிறது. சீரழிவு என்ற பழைய சொல் இங்கே முற்றாகப் பொருளிழக்கிறது. தேவையற்றதைத் துல்லியமாக விட்டு, தேவையானதை மிகக் குறைந்த இடத்தில் வைத்து, அயலாரிடமுள்ளதைத் தனதாக்கிக்கொள்ளும் ஓர் ஒழுங்கு இது.

பூவும் விதையும்

தன் உடலை இப்படிக் குறைத்துக்கொண்ட செடி, பூவில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. ரஃப்லேசியாவின் பெரும்பூ அழுகிய இறைச்சியின் மணத்தால் ஈக்களை வரவழைக்கிறது. ஹிட்னோராவின் பூ, மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்து, அழுகல் மணத்தை நாடிவரும் வண்டுகளை உள்ளே விழவைத்துச் சிறிது காலம் அடைத்து வைத்திருக்கிறது. மகரந்தம் பூசியபின் அவை வெளியேறுகின்றன. அதன் பழம் மண்ணுக்கடியில் முதிர்கிறது. நரியும் முள்ளம்பன்றியும் தோண்டித் தின்கின்றன. ஜப்பானில் மித்ராஸ்டெமோனின் பூத்தேனைத் தேடிக் குளவிகள், சிள்வண்டுகள், கரப்பான்கள் வருவதைச் சுயெத்சுகு கெஞ்சி பதிவு செய்தார். ஃபேசெலாந்தஸ் என்ற இன்னொரு வேர் ஒட்டுண்ணியின் சதைப்பற்றான பழத்தை இறக்கையற்ற ஒரு வகைச் சிள்வண்டுகள் தின்கின்றன என்றும், அவற்றின் கழிவில் விதைகள் உயிரோடு வெளிவருகின்றன என்றும் அவர் கண்டார். காட்டுத் தரையின் இருளில் வாழும், யாரும் கணக்கில் கொள்ளாத பூச்சிகள்தான் இந்தச் செடிகளின் தூதர்கள்.

டாக்டிலாந்தஸின் கதை இவற்றுள் மிக ஆழமானது. நியூசிலாந்தின் ஒரே முழு ஒட்டுண்ணிப் பூக்கும் தாவரம் அது. அதன் கஸ்தூரி மணமுள்ள தேனை உண்டு மகரந்தச் சேர்க்கை செய்வது, தரையில் நடந்து இரைதேடும் குட்டைவால் வௌவால். 2012-இல், பறக்காத காக்காப்போ கிளியின் பழைய எச்சங்களில் இந்தச் செடியின் மகரந்தம் கண்டறியப்பட்டது. ஒரு காலத்தில் அந்தக் கிளியும் இந்தப் பூவை நாடியிருக்கிறது. இன்று அந்தக் காட்டில் காக்காப்போ இல்லை, வௌவாலும் அருகிவிட்டது, வெளியிலிருந்து வந்த எலியும் போசமும் பூவைத் தின்றுவிடுகின்றன. பாதுகாவலர்கள் செடியைச் சுற்றிக் கம்பிக் கூண்டு வைத்துக் காக்கிறார்கள். மரம் நன்றாக இருந்தும், செடி உயிரோடு இருந்தும், தூது செல்பவர் இல்லாததால் ஓர் இனம் முடிவை நோக்கிச் செல்லக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பூச்சியையும் வௌவாலையும் நம்பாமல் தப்பிக்க முயன்றவையும் உண்டு. சில பலனோஃபோரா இனங்கள் மகரந்தமே இல்லாமல் விதை ஆக்குகின்றன. அவற்றின் பெண் பூ, பூக்கும் தாவர உலகிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. சில டஜன் செல்களுக்குள் முடிந்துவிடும். ஆனால் அவையும் மரவேரிலிருந்து விடுபடவில்லை.

நம் மலைகளில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளிலும் சோலைகளிலும், இலங்கையின் மழைக்காடுகளிலும் பலனோஃபோரா ஃபங்கோசாவின் இந்தியத் துணையினம் வளர்கிறது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலைப் பகுதிகளின் தாவரப் பட்டியல்களில் அது இடம்பெற்றிருக்கிறது. பசிபிக் துணையினத்தில் ஆண், பெண் பூக்கள் ஒரே கொத்தில் இருக்க, நம் மலைகளின் துணையினத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆகவே இரண்டும் எட்டும் தூரத்தில் முளைத்து, இரண்டுக்குமிடையே பூச்சி நடமாட்டமும் இருந்தால்தான் விதை பிடிக்கும். ஒரு சோலை துண்டு துண்டாக உடைந்தால் முதலில் அறுபடும் இழை இதுவாக இருக்கும்.

கிறிஸ்டிசோனியா என்ற இன்னொரு பேரினம் குறிஞ்சி குலச் செடிகளின் வேரைப் பற்றி வளர்கிறது. அதற்கு அந்தப் பெயரை 1847-இல் இட்டவர் பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த ஜார்ஜ் கார்ட்னர். குறிஞ்சி குலத்தில் பல இனங்கள் பல ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூத்து மடிபவை. தன் ஆதாரமே அப்படித் திரளாக மறையும் வாழ்க்கை முறையோடு ஓர் ஒட்டுண்ணி எவ்வாறு இணங்கிப் போகிறது என்பது, நம் மலைகளில் நின்று ஆராயத்தக்க அரிய கேள்வி.

காப்பது எப்படி?

2023-இல் வெளியான ஒரு மதிப்பீடு, அறியப்பட்ட 42 ரஃப்லேசியா இனங்களில் 25 மிக மோசமான அழிவு நிலையிலும் 15 அழிவு நிலையிலும் இருப்பதாகக் கணித்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே இருக்கின்றன. உலகின் மிகப் பெரிய பூவுக்கே இந்த நிலை என்றால், சருகுக்கடியில் கிடக்கும் சிறிய இனங்களின் நிலையை ஊகிக்கலாம்.

வழக்கமான பாதுகாப்பு முறைகள் இங்கே தடுமாறுகின்றன. விதை வங்கியில் சேமித்த விதையை, பொருத்தமான மரவேர் இல்லாமல் செடியாக்க முடியாது. தோட்டத்துக்குக் கொண்டுபோய் நடுவதற்குத் தனியாகப் பிடுங்கத்தக்க உடல் அதற்கு இல்லை. இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் தோட்டம், ரஃப்லேசியா தொற்றிய டெட்ராஸ்டிக்மாவை ஒட்டுக்கட்டி வளர்த்து 2010-இல் பூக்க வைத்தது. பல ஆண்டு உழைப்பின் பலன் அது. அங்கேயும் வளர்க்கப்பட்டது முதலில் கொடிதான், பூ பிறகே.

மரம் போனால் என்னவாகும் என்பதை எபிஃபேகஸ் நமக்குக் காட்டப்போகிறது. 2012-இல் ஒஹாயோவில் முதலில் காணப்பட்ட ஒரு நூற்புழு நோய், இப்போது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி பீச் காடுகளில் பரவிவருகிறது. அந்த நோயின் சேதக் கணக்கில் பீச் மரம் எழுதப்படும். அந்த மரத்தைத் தவிர வேறொன்றையும் பற்ற முடியாத செடியும் அதே கணக்கில் சேர்க்கப்பட வேண்டும்.

எதிர்த்திசையிலிருந்து ஒரு நம்பிக்கையான பாடமும் கிடைக்கிறது. சீனாவின் பாலைநிலங்களில் சாக்சால் மரவேரில் வளரும் சிஸ்டாங்கி, அந்நாட்டு மருத்துவத்தில் மதிப்புமிக்கது. மிகையாகத் தோண்டியதால் அது அருகி, 2000-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிறகு உள் மங்கோலியாவில் மக்கள் சாக்சால் மரங்களை நட்டு, அவற்றின் வேரில் சிஸ்டாங்கி விதையை இட்டுப் பயிர்செய்யத் தொடங்கினார்கள். ஒட்டுண்ணிக்குக் கிடைக்கும் விலையால், மணலைப் பிடித்து நிறுத்தும் மரம் பாலையில் பெருகியது. ஒட்டுண்ணி இங்கே மரத்தின் எதிரியாக இல்லை. மரம் நடுவதற்கான காரணமாக இருக்கிறது.

இவற்றிலிருந்து நம் நாட்டுக்கு மூன்று கடமைகள் தெளிவாகின்றன. முதலாவது, வேர் ஒட்டுண்ணி ஒன்றைப் பதிவு செய்யும்போது அது பற்றியிருந்த மரத்தின் பெயரையும் சேர்த்தே பதிய வேண்டும். மரம் தெரியாத பதிவு பாதிப் பதிவுதான். இரண்டாவது, அதன் பூவுக்கும் பழத்துக்கும் வருபவை எவை என்று இரவிலும் பகலிலும் கவனிக்கும் கள ஆய்வுகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் பெருக வேண்டும். மூன்றாவது, சோலைகளின் நலத்தை அளக்கும்போது உயர்ந்த மரங்களை மட்டும் எண்ணாமல், இத்தகைய செடிகள் ஆண்டுதோறும் பூக்கின்றனவா, விதை பிடிக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மரம், மண், பூஞ்சை, பூச்சி, விலங்கு என அத்தனையும் ஒரே இடத்தில் ஒழுங்காக இருந்தால்தான் இவை நிலைக்கும். தனக்கென்று எதையும் தயாரிக்காத செடி என்பதாலேயே, ஒரு காடு முழுமையாக இருக்கிறதா என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி நமக்குக் கிடைக்காது. அந்தச் சாட்சியைக் கேட்டுப் பதிவு செய்யும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.